எண்பத்தாறு மீட்டர்

2024 ஜூன் 10, திங்கள்

நான்காவது தடவையாக வரைபடம் திரும்பி வந்திருக்கிறது. இந்த முறை குறை என்னவென்றால், முக்கியஸ்தர்கள் உட்காரும் இடத்தில் கூரை சின்னதாக இருக்கிறதாம். பொதுமக்கள் உட்காரும் மூன்று பக்கமும் கூரையே கிடையாது. அதைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. பெங்களூரில் மழை ஆள் பார்த்துப் பெய்யும் போலிருக்கிறது.

ஆறாயிரம் பேர் உட்காரும் கால்பந்து ஸ்டேடியம். மர்பி டவுனில், எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, அந்த மண் மைதானத்தில். திட்ட அறிக்கை தயாரிக்கும் வேலை தொம்மலூரில் இருக்கும் எங்கள் ஆபீசுக்குக் கிடைத்த அன்று முதலாளி அருண்குமார் சார் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தார். வரைவது நான். இருபத்திரண்டு வருஷமாக வரைகிறேன் — அபார்ட்மெண்ட், ஆஸ்பத்திரி, கார் ஷெட். எனக்குத் தெரிந்த ஓர் இடத்தை வரைவது இதுதான் முதல் தடவை.

என் அண்ணன் சில்வெஸ்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தினமும் காலையில் அந்த மைதானத்தில்தான் பெண்கள் டீமுக்குப் பயிற்சி கொடுக்கிறார். "பவுலி, எங்க பெஞ்ச் எந்தப் பக்கம்? வெயில் மூஞ்சில அடிக்காத பக்கமா போடு" என்றார். போட்டிருக்கிறேன், அண்ணா. அதையாவது யாரும் நகர்த்தாமல் இருக்கட்டும்.

ஜூன் 13, வியாழன்

ஸ்டேடியம் கமிட்டிக் கூட்டம். இரண்டு மணி நேரம் நடந்தது.

"இதுல கிரிக்கெட்டும் ஆடலாமா?" என்று ஒருவர்.

"ரிசப்ஷனுக்கு வாடகைக்கு விட்டா நல்லா வருமானம் வருமே" என்று இன்னொருவர்.

மூன்றாவது ஆள் கேட்டது — எழுதவே கூச்சமாக இருக்கிறது — கோல் போஸ்டைக் கழற்றி வைக்க முடியுமா என்று.

கமிட்டியின் பொறுப்பு அதிகாரி ஜெயலட்சுமி மேடம் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். 

ஜூலை 2, செவ்வாய்

பாதிப் பணம் அரசாங்கம் கொடுக்கும். மீதிப் பாதி எங்கிருந்து வரும் என்று ஆறு மாதமாக ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்று விடை தெரிந்துவிட்டது. ஒரு கட்டட கம்பெனி போடுகிறது. பதிலுக்கு ரோட்டோரமாக நாற்பது கடைகள், பின்னால் இரண்டு மாடி பார்க்கிங். முப்பது வருஷத்துக்கு வாடகை அவர்களுக்கு.

"பவுலின் மேடம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணணும்" என்றார் அருண்குமார் சார்.

"எதை சார்?"

"கடையையும் பார்க்கிங்கையும் சின்னது பண்ண முடியாது. வேற என்ன இருக்கு? கிரவுண்டுதான்."

ஜூலை 19, வெள்ளி

நூற்றைந்து மீட்டராக இருந்த ஆடுகளம் தொண்ணூற்றேழு ஆகிவிட்டது. கடைகளுக்குப் பின்னால் சரக்கு இறக்க ஒரு பாதை வேண்டுமாம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

எண்பத்தாறு.

பார்க்கிங்கில் ஏறும் சரிவுப்பாதை நீண்டுவிட்டது. அது நீண்டால் என்னென்ன குறையவேண்டும் என்று பார்த்தேன். கடை குறையவில்லை, லிஃப்ட் குறையவில்லை, முக்கியஸ்தர்களுக்கு சோபா போட்ட அறை குறையவில்லை. கால்பந்து விதிப்படி ஆடுகளம் குறைந்தது தொண்ணூறு மீட்டர் இருக்கவேண்டும். இது எனக்கே தெரியும் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நேராக அருண்குமார் சாரிடம் போய்ச் சொன்னேன். ஜூலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

"சார், இதுல லீக் மேட்ச் ஆட முடியாது. கால்பந்து ஆட முடியாத கால்பந்து ஸ்டேடியம் கட்டுறோம்."

"யாரு மேடம் அளந்து பாக்கப் போறாங்க?"

"ரெஃப்ரி."

அவர் சிரிக்கவில்லை. கண்ணைக் கசக்கினார். கெட்டவர் இல்லை அவர். இந்த அறிக்கை நின்றுபோனால் ஆபீசில் பதினாலு பேருக்குச் சம்பளம் கேள்விக்குறி. அந்தப் பதினாலில் நானும் ஒருத்தி. "அப்ரூவல் வரட்டும். அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்றார். காங்கிரீட்டை அப்புறம் எப்படிச் சரி பண்ணுவது? இழுத்து நீட்டுவதா?

ஆகஸ்ட் 9, வெள்ளி

அண்ணனிடம் சொன்னேன். கொதித்துப்போவார் என்று நினைத்தேன்.

"வந்தா போதும் பவுலி. மொதல்ல வரட்டும்."

"எண்பத்தாறு மீட்டர்ண்ணா. பெனால்டி ஏரியா ரெண்டும் போக நடுவுல என்னா மிஞ்சும்?"

"முப்பது வருஷமா இந்தக் கல்லுலயும் கண்ணாடிச் சில்லுலயும் ஆடறோம். நீ இஞ்ச் டேப்பு வெச்சுகினு வந்து நிக்கற! புல்லு வருது, லைட்டு வருது. அதக் கெடுக்காத."

"பொண்ணுங்களுக்கு அதுல மேட்ச் கெடைக்காதே!"

"நீ ஒரு நாள் ஆடியிருக்கியா?"

இல்லை. ஒரு நாளும் ஆடியதில்லை. எங்கள் தெருவில் பெண் பிள்ளைகள் ஆடிய காலமா அது? அதை அவர் வாயிலிருந்தா கேட்கவேண்டும்? காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. அவர் மேலா, என் மேலா — தெரியவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

 நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அல்சூர் ஏரிப் பக்கத்து சமுதாயக் கூடத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்பு. ஐந்நூறு பேராவது இருப்பார்கள். மேஜை மேல் தெர்மோகோலில் ஸ்டேடியம். பச்சை வெல்வெட்டில் புல், ஊசி முனை அளவு ஆட்கள். எல்லோரும் போனில் படம் எடுத்தார்கள். அண்ணன் முதல் வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையில். நான் மேடை ஓரம் ஆபீஸ் ஆட்களோடு.

எல்லோரும் பேசிக் கைதட்டி முடித்த பிறகு அண்ணன் டீம் கோல்கீப்பர் கிருத்திகா எழுந்தாள். பகலில் மாலில் பில் போடும் வேலை, காலையில் பயிற்சி.

"கட்டி முடிக்கிற வரைக்கும் நாங்க எங்க சார் ஆடறது?"

"மாற்று ஏற்பாடு செய்யப்படும்" என்றார்கள். எங்கே என்று சொல்லவில்லை.

அவள் உட்காரவில்லை. "கிரவுண்டு எவ்ளோ நீளம் சார்? பொம்மைல சின்னதா தெரியுது."

அருண்குமார் சார் மைக்கில், "ஸ்டாண்டர்ட் சைஸ்தாம்மா" என்றார்.

ஜெயலட்சுமி மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே வரைஞ்சது பவுலின்? எஷ்டு மீட்டர்? நம்பர் ஹேளி."

எத்தனை மீட்டர் என்று தெரிந்துதான் கேட்டாரா? இன்னும் புரியவில்லை. மைக் என் கைக்கு வந்தது. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை லேசாக ஆட்டினார் — வேண்டாம் என்று.

"எண்பத்தாறு" என்றேன். அப்புறம் கன்னடத்திலும் சொன்னேன், யாரும் சரியாகக் காதில் விழவில்லை என்று சொல்லக்கூடாதல்லவா.

 மர்பி டவுன் ஆட்களுக்குக் கணக்கு வராமலிருக்கலாம், கால்பந்து வரும். பின் வரிசையிலிருந்து, "அப்ப கடைக்குத்தான் ஸ்டேடியமா!" என்று ஒரு குரல். அதற்கப்புறம் நாற்காலிகள் விழுந்த சத்தம்தான் நினைவிருக்கிறது.

ஆகஸ்ட் 26, திங்கள்

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மேடம்" என்றார் அருண்குமார் சார்.

"மூணு தடவை சொன்னேன் சார்."

 என்னை ஒயிட்ஃபீல்டு அபார்ட்மெண்டின் குழாய் வரைபடத்துக்கு மாற்றிவிட்டார். நூற்று இருபது பாத்ரூம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா கோவிலில் அண்ணன் வேறு வரிசையில் உட்கார்ந்தார். போனும் எடுப்பதில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

கட்டட கம்பெனி விலகிக்கொண்டது. சாயந்திரம் மார்க்கெட்டில் மீன் வெட்டுபவர் கத்தியை நிறுத்தி, "உன்னாலதானக்கா போச்சு, ஊருக்கு வரவேண்டியது" என்றார். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. வராத ஸ்டேடியத்தைக் கெடுத்தவள் நானா? ஏழு வரைபடம் போட்டேனே, ஏழிலும் விளையாட்டைத் தவிர எல்லாம் வளர்ந்ததே, அதைக் கேட்க ஒரு ஆள் இல்லை!

ஆனால் — பேசாமல் இருந்திருந்தால்? புல்லாவது வந்திருக்குமோ? அண்ணன் சொன்னது சரியோ?

நவம்பர் 21, வியாழன்

ஜெயலட்சுமி மேடம் போன். அரசாங்கத்தின் பாதிப் பணம் இன்னும் இருக்கிறதாம். மார்ச்சுக்குள் வேலை தொடங்காவிட்டால் திரும்பிப் போய்விடும். "கடை பேடா, பார்க்கிங்கும் வேண்டாம். ஒரே பக்கம் கேலரி. டிசம்பர் பத்துக்குள்ள எனக்கு டிராயிங் வேணும். நீங்களே போடுங்க."

அருண்குமார் சாரிடம் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். "பாத்ரூமை வேற யாருக்காவது கொடுத்துடுங்க" என்றார்.

நவம்பர் 30, சனி

காலையில் கதவைத் தட்டியது அண்ணன். மூன்று மாதத்துக்கு அப்புறம். உள்ளே வந்தார், உட்கார்ந்தார், நோட்டுப் பேப்பரை விரித்தார்.

"தண்ணி வடியறதுதான் மொதல்ல. மேற்கு மூலைல மழைக்குத் தேங்கிடும், உன் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. லைட்டு அப்புறம் பாத்துக்கலாம்."

மன்னிப்பு என்று ஒன்றும் இல்லை. அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் விரலால் காட்டினார், நான் கோடு போட்டேன். ஒரு தடவை மட்டும், நிமிராமல், "அன்னிக்கு அவ்ளோ பேர் முன்னாடி எனக்குத் தலைய தூக்க முடியல" என்றார். "எனக்கும்தான்ணா" என்றேன். மறுபடி வடிகால்.

டிசம்பர் 9, திங்கள்

நூறு மீட்டர் நீளம், அறுபத்து நான்கு அகலம். ஆயிரத்து எண்ணூறு பேர் உட்காரும் ஒரே ஒரு கேலரி. ஒரு பாதியில் வேலை நடக்கும்போது மறு பாதியில் ஆடலாம். லைட் இல்லை, சோபா இல்லை.

கமிட்டியில் ஒருவர் வரைபடத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முக்கியஸ்தர்கள் எங்க உக்காருவாங்க?" என்றார்.

கேலரியைக் காட்டினேன்.

2025 மார்ச் 9, ஞாயிறு

வேலை தொடங்கி ஒரு வாரம். வடபாதியில் மண் தோண்டிக் குவித்திருக்கிறார்கள். தென்பாதியில் இன்று பெண்களுக்குப் பயிற்சி ஆட்டம், ஏழுக்கு ஏழு. வாசலில் பெரிய பலகை. அதில் 'ஆறாயிரம் இருக்கைகள்' என்று இன்னும் பழைய கணக்கே இருக்கிறது. மாற்றச் சொல்லி இரண்டு கடிதம் எழுதினேன். மூன்றாவது எழுதப்போவதில்லை.

உடை மாற்றும் அறை வரைபடத்தில் இருக்கிறது. தரையில் வர இன்னும் ஒரு வருஷமாகும். அதனால் அந்தப் பலகைக்கும் சுவருக்கும் இடையே கிருத்திகாவும் மற்றவர்களும் ஜெர்சி மாற்றிக்கொண்டார்கள். திறந்திருந்த பக்கத்தில் நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வையை அகல விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்தபடி, "சீக்கிரம் ஆகட்டும், ரெஃப்ரி வந்தாச்சு!" என்று கத்திக்கொண்டே இருந்தார்.