கத்தியில் ஏறும் நீலம்

ஐப்பசி 3, செவ்வாய்

விடாத தூறல். பட்டறை ஓட்டில் ஒழுகல். பூந்தமல்லி கறிக்கடைக்காரர் கத்திகளை மொத்தமாகத் திருப்பிப் போட்டார். "இன்னாய்யா கத்தி, எலும்புல பட்டா மடங்கிக்கினு போவுது?" முதலாளி என்னிடம்: "இன்னொரு தபா திரும்பி வந்துச்சு, வூட்டப் பாத்துக்கினு போ. ஐ.டி.ஐ. படிச்ச லட்சணம்!"

மடங்கினால் சூடு ஏறியிருக்கிறது. சாணையில் தண்ணீர் இல்லாமல் தேய்த்தால் விளிம்பு நீலமாகும், பதம் போகும். நான் வெறுங்கையால்தான் பிடிப்பேன். அடியிலிருந்து முனை வரை ஒரே இழுப்பு, விரல் சுட்டதும் வாளியில் முக்கல், புரட்டி மறுபக்கம். என் வேலையில் நீலம் வராது. எனக்குப் பிறகு யாரோ கை வைக்கிறான்.

4, புதன்

நான் சாணை பிடித்து முடித்த கத்திகளில், சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சின்ன அரத்தை இழுத்துப் பார்த்தேன். வழுக்குகிறது. கெட்டி. திரும்பி வந்தவற்றில் கடிக்கிறது. இளகிவிட்டது.

எனக்கு அடுத்துத் தொடுவது கைப்பிடி போடும் யேசுதாஸ்தான். எமரி தாள் வேறு சீக்கிரம் தீர்கிறது. நீலத்தைத் தேய்த்து மறைக்கத்தானே? நாள் முழுக்க அவன் மேலேயே கண்.

"இன்னாபா, என் மூஞ்சில படமா ஓடுது?" சிரிப்பு வேறு.

குடைக் கம்பி மாற்ற வேண்டும்.

5, வியாழன்

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். உடனே அவனை நிறுத்திவிட்டார். ஒரு கேள்வி இல்லை. அவருக்கு என்ன அவசரம்?

யேசுதாஸ் சட்டையை மாட்டிக்கொண்டே: "நான் கைப்பிடி போட்டப்புறம் அரம் இழுத்துப் பாத்தியாபா?"

பார்க்கவில்லை.

6, வெள்ளி

வெயில். பூசை. சாணைக்கல்லுக்குச் சந்தனம், குங்குமம். வழக்கம்போல் அரை நாள் லீவு. மறந்த டிபன் டப்பாவுக்காகத் திரும்பிப் போனேன். உள்ளே சாணை ஓடும் சத்தம்.

முதலாளி. நாளை கடைக்குப் போகும் கத்திகளை ஒவ்வொன்றாகக் கல்லில் இழுத்துக்கொண்டிருந்தார். வாளி மூலையில். விளிம்பெல்லாம் நீலம். மடியில் எமரி தாள்.

"தண்ணி?"

"பொட்டு வச்ச கல்லுப்பா. தண்ணி பட்டா கலைஞ்சிடும். வெள்ளிக்கிழமை நம்ம கை பட்டாத்தான் கத்திக்கு ராசி."

"நீலம்?"

"வெறும் கலரு. தேச்சா போயிடும்."

ஒன்றை எடுத்து அரம் இழுத்தேன். கடித்தது.

"யேசுதாசைக் கூப்பிடுங்க."

"நீதானடா அவன் பேரச் சொன்ன?"

"தப்பாச் சொன்னேன். கெடுக்கிறது நீங்க."

வேலை போச்சு. டப்பா அங்கேயே.

8, ஞாயிறு

வல்லக்கோட்டை ரோட்டில் யேசுதாஸ் வீடு. சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். எல்லாம் சொன்னேன். கதவை முழுசாகத் திறக்கவில்லை. என் சட்டைப் பையையே பார்த்தான்.

"சாப்ட்டியா? உள்ள வா. அந்த அரத்த வெளியில வச்சிட்டு வா."