தரிசு என்று எழுத மாட்டேன்

மே 6, செவ்வாய்
காலை ஏழுக்கே மண்டையைப் பிளக்கும் வெயில். விருத்தாசலத்துக்கு வெளியே பழைய களிமண் குழி. செராமிக் வேலைக்கு மண் தோண்டிவிட்டுப் போட்ட புறம்போக்கு. அதை மூடிக் கிடங்கு கட்டப்போகிறார்களாம். அங்கே என்ன செடி இருக்கிறது என்று எங்கள் ஆபீஸ் அறிக்கை தர வேண்டும். அதாவது நான்.

பார்த்தது: சீமைக் கருவேலம் நாலு. வெடித்த மண். பிளாஸ்டிக்.

மேலாளர் பாஸ்கர் போனில்: "தரிசுன்னு ஒரு வரி போட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்க மேடம்."

ஒரு புல்லும் இல்லாத மே மாதத்தில் அனுப்பியதே அதற்குத்தான். ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் ஒரு நிலத்துக்கு முன்பு அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். இப்போது அங்கே லாரி ஷெட். பஸ்ஸில் அந்த இடம் வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். இந்தத் தடவை முடியாது.

குழியில் ஆடு மேய்க்கும் அந்தோணியம்மா: "மழ பேஞ்சப்புறம் வந்து பாருங்க, முட்டி வரைக்கும் கெடக்கும். ஆடு வூட்டுக்கே வராது. மூடிட்டா நான் எங்க ஓட்டிக்கினு போவேன்?"

மழை வரை பொறுக்க மாட்டார்கள். ஜூனில் கருத்துக் கேட்புக் கூட்டம்.

மே 8, வியாழன்
குழி மண் ஆறு பை, மொட்டைமாடிக்கு. மண்ணுக்குள் தூங்கும் விதை, தண்ணீர் ஊற்றினால் மழை என்று நினைத்து முளைக்கும். நாற்றுத் தட்டுக்குப் பதில் விரிசல் விட்ட வாஷ்பேசின் ஆறு, செராமிக் யூனிட்டில் சும்மாவே கொடுத்தார்கள். தண்ணீர் வடிய ஓட்டை ரெடியாக இருக்கிறது.

ஒன்றில் மட்டும் வறுத்த மண். அதில் விதை உயிரோடு இருக்காது. காற்றில் பறந்து வந்த விதை என்று நாளைக்கு எவனும் சொல்லக் கூடாதே. கொசுவலை போட்டு மூடியாச்சு.

வீட்டு ஓனரம்மா: "மாடியில எதுக்குங்க இத்தினி பேசினு? யாரு கை கழுவறது?"

மே 19, திங்கள்
பச்சை! கோரை, கரிசலாங்கண்ணி, கீழாநெல்லி. பேர் தெரியாததற்கு நம்பர் போட்டிருக்கிறேன். வறுத்த மண்ணில் ஒன்றுமில்லை. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

ஜூன் 3, செவ்வாய்
பதினேழு வகை. அறிக்கை அனுப்பியாச்சு. பத்து நிமிஷத்தில் பாஸ்கர்.

"பேசின்ல மொளைச்சதெல்லாம் கணக்கா மேடம்?"

"மண்ணு குழியோடதுங்க சார்."

"வேற ஆளு கையெழுத்துப் போடுவாங்க. யோசிச்சிக்கங்க."

யோசித்தேன். டீ குடித்தேன். ஒரு வரியும் மாற்றவில்லை.

ஜூன் 12, வியாழன்
கூட்டம். பாஸ்கர் கொடுத்த அறிக்கையில் வேறு ஆள் கையெழுத்து. தரிசாம். நானும் அந்தோணியம்மாவும் ஆட்டோவில் இரண்டு பேசினோடு போனோம், ஒன்று பச்சை, ஒன்று வறுத்த மண். அதிகாரி மேஜை மேலேயே வைத்தேன்.

அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மழைக்குப் பிறகு மறு சர்வே, அதுவரை குழியை மூடக் கூடாது என்று எழுதினார்.

வாசலில் பாஸ்கர்: "நாளைலேருந்து ஆபீஸுக்கு வராதீங்க. மறு சர்வேலயும் நீங்க கெடையாது. அளக்குறேன், எழுதுறேன்னு குழிப் பக்கம் வந்தா நடக்கறதே வேற."

சர்வேக்குத்தானே ஆள் வேண்டாம் என்கிறான். ஆடு மேய்க்க வேண்டாம் என்று சொல்ல அவன் யார்?

ஆட்டோவில் அந்தோணியம்மாவிடம் கேட்டேன். ரெண்டு ஆடு தருவதாகச் சொல்லிவிட்டார். ஐப்பசி மழை பெய்து மறு சர்வே நடக்கும்போது குழிக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன்.