இடப்பக்கச் சக்கரம்

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நானும் மகளும் உங்கள் அக்காவும் நலம். நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கிரேனில் ஏறி இறங்கும்போது கவனமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்க, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் நாலு சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா? "அடுத்த மாசம் நான் வந்ததும் வண்டிய என்கிட்ட குடுத்துட்டு நீ நிம்மதியா வீட்ல இரு" என்றீர்களே, அதற்கும் இதில்தான் பதில்.

முதலில் நம் லோடு வண்டி. முன்சக்கரப் பேரிங் மாற்றியாகிவிட்டது. வலப்பக்கம் திருப்பினால் உறுமல் கூடுகிறது என்று நான் சொன்னதும், போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டச் சொல்லிக் கேட்டீர்கள். "வலது பேரிங்தான். என் வண்டி எனக்குத் தெரியாதா?" என்றும் சொன்னீர்கள். மெக்கானிக் நெட்டை உங்கள் சிநேகிதராயிற்றே, அவரும் மறுபேச்சில்லாமல் வலப்பக்கம் ஜாக்கி போட்டார். கழற்றிப் பார்த்தால் பேரிங் பளபளவென்று இருக்கிறது, கிரீஸ்கூட நிறம் மாறவில்லை. நெட்டை என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். உங்கள் மூக்கு உடைந்த சத்தம் அங்கே உங்களுக்கே கேட்டிருக்கும்.

அந்த நேரம் பார்த்து உங்கள் அக்கா வந்தார். ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து, என்னோடு வண்டியில் வீட்டுக்குப் போகலாம் என்று நர்ஸ் உடுப்போடே வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். நெட்டை விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா அதையெல்லாம் கண்டுகொள்கிற ஆளா? இடப்பக்கத்தையும் தூக்கச் சொல்லி, சக்கரத்தை என்னைச் சுற்றவிட்டு, பின்னாலிருக்கும் இரும்பில் வைத்துக் கேட்டார். "நாள்பட்ட சளி. பேஷன்ட் இவருதான், அந்தப் பக்கத்து ஆளை எதுக்குப் பிரிச்சு மேஞ்சீங்க?" என்றார். நெட்டையும் வாங்கிக் காதில் மாட்டினார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. வலப்பக்கம் திருப்பினால் பாரம் இடப்பக்கச் சக்கரத்தில்தான் ஏறும், அதனால் அதுதான் கத்தும் என்று தலையைச் சொறிந்துகொண்டே எனக்கு விளக்கினார். அதை முதலிலேயே யோசித்திருக்கலாம். நீங்கள் சொன்ன பிறகு யார் யோசிக்கிறார்கள்!

இடப்பக்கம் கழற்றியபோது உள்ளே கிரீஸ் பால் கலந்த டீ மாதிரி இருந்தது. தண்ணீர் போயிருக்கிறது. உருளைகளில் அம்மைத் தழும்புபோலக் குழிகள். எப்படி என்று நெட்டை கேட்க, எனக்கு உடனே புரிந்துவிட்டது. டைல்ஸ் கிடங்கு மேடையை ஒட்டி ஒரு சின்ன வாய்க்கால் இருக்கிறது. இடப்பக்கச் சக்கரங்களை அதில் இறக்கி நிறுத்தினால் வண்டி சாய்ந்து, பின்தட்டும் மேடையும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். பெட்டிகளைத் தூக்கவே வேண்டாம், தள்ளினால் போதும். என் இடுப்புக்காக நானே கண்டுபிடித்த வழி அது. அந்த வாய்க்காலில் தண்ணீர் வற்றியதே இல்லை.

உங்கள் காலத்தில் வலது பேரிங்தான் போகும் என்று நெட்டை சொன்னார். இடப்பக்கத் திருப்பங்களில் வேகத்தைக் குறைக்காமல் வளைத்துப் போவீர்களாம். பழைய பேரிங்கைக் கையில் உருட்டிக்கொண்டே, "இது அவன் ஓட்டுன வண்டி இல்லம்மா, நீங்க ஓட்டுற வண்டி" என்றார். பேரிங் போனதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

புதுப் பேரிங்கில் கிரீஸ் நிரப்பியது நான். உள்ளங்கையில் அள்ளி வைத்துக்கொண்டு, பேரிங்கின் ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை விடக்கூடாது. நெட்டை தண்ணீர் புகாமலிருக்கப் புது சீல் போட்டு, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு துளி தளர்த்தினார். இறுக்கம் அதிகமானால் சூடேறி எரிந்துவிடுமாம், தளர்ந்தால் சக்கரம் ஆடுமாம். கிடங்கு முதலாளியிடம் சொல்லி வாய்க்காலில் தண்ணீர் நிற்காமல் வெட்டிவிடச் செய்துவிட்டேன். திரும்பி வரும்போது வண்டியில் அப்படி ஓர் அமைதி. உங்கள் அக்கா ஏதோ பாட்டை முணுமுணுத்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. சுருதி சேரவில்லை என்பதும் கேட்டது.

மகள் உங்களுக்காக ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறாள். அனுப்ப மாட்டாளாம், வந்து பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

இனி அந்தப் பதில். நீங்கள் கிளம்பிப் போனபோது, வண்டி நின்று துருப்பிடிக்கக் கூடாதே என்றுதான் ஓட்டினேன். இப்போது அப்படியில்லை அத்தான். காலையில் சாவியைப் போட்டால் எனக்கு உடம்பில் ஒரு தெம்பு வருகிறது. சரக்கு என் வண்டியில் வந்தால் பெட்டியைப் பிரித்துப் பார்க்காமலே கொத்தனார்கள் இறக்கிக்கொள்கிறார்கள், ஒரு டைல்கூட உடைந்திருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். நீங்கள் வரப்போவதில் எனக்கு எவ்வளவு ஆசையோ, வந்ததும் சாவியைக் கேட்பீர்களே என்று அவ்வளவு பயம். வீட்டில் சும்மா இருந்தால் எனக்கு நிம்மதி வராது. கிரேன் ஓட்டத் தெரிந்த உங்களை இங்கே ஆளாளுக்குக் கொத்திக்கொண்டு போவார்கள். வண்டி என்னிடமே இருக்கட்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நல்லபடியாக வந்து சேருங்கள். உங்களை அழைத்துவர வண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு நான்தான் வருவேன். முன்னால் என் பக்கத்தில் உட்காருங்கள். வழியெல்லாம் "பிரேக் பிடி, ஹாரன் அடி" என்று எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். இத்தனை நாள் ஓட்டியும், நீங்கள் பக்கத்தில் இருக்க நான் இந்த வண்டியை ஒருநாள்கூட ஓட்டியதில்லை.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும்
உங்கள் மனைவி