ரெஜினா வீட்டுத் தொட்டியில் காட்டு ஆர்க்கிட்

பிப்ரவரி 3, 1991. ஞாயிறு
காலையில் நல்ல பனி. கொடியில் போட்ட புடவை பத்து மணிக்கும் ஈரம். ரேஷன் சர்க்கரை வாங்கணும், மறந்தாச்சு.

ரெஜினா சர்ச்சிலிருந்து வந்ததும் கூப்பிட்டா. அடுத்த ஞாயிறு காலனி மலர்க் கண்காட்சி. அவ வைக்கப்போற செடியைக் காட்டினா. தரையில் வளர்ற ஆர்க்கிட். நீளத் தண்டு, மஞ்சள் பூ, உள்ளே ஊதாக் கோடு. வேரில் சரளை மண் அப்படியே.

"வேளச்சேரி ரோடு நர்சரியில வாங்கினேன் சுசீ. மூட்டையா வச்சிருக்கான்."

பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. நன்மங்கலம் காட்டுச் செடி. காட்டைச் சுத்திப் பார்க்கப் போற எங்க நடைக் கூட்டத்தோட பாட்டனி லெக்சரர் அம்மா, நம்ம பக்கம் இது அங்கதான் மிச்சம்னு எத்தனை தடவை சொல்லியிருக்காங்க. பூவைத் தாண்டிக் கால் வைக்கக்கூட விடமாட்டாங்க.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். பாறைச் சரிவு பூராவும் குழி. மேல்பக்கம் மட்டும் இன்னும் பூ நிக்குது. அதுவும் எத்தனை நாளைக்கோ.

பிப்ரவரி 4, திங்கள்
டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்கத் தப்பான நம்பருக்கே கனெக்‌ஷன் கொடுத்தேன். சூப்பர்வைசர் முறைப்பு.

வேலை விட்டு நேரா ரெஜினா வீடு. சொல்லிட்டேன்: அது ரிசர்வ் காட்டிலிருந்து திருடினதுன்னு. தண்ணி ஊத்திட்டிருந்த சொம்பைக் கீழே வச்சா.

"அப்ப நான் திருட்டுப் பொருள் வாங்கினவ. அதான சொல்ல வர்ற?"

"அப்படி இல்ல ரெஜினா."

"வேற எப்படி?"

உள்ளே போயிட்டா. இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தப்போ மூணு வேளையும் கேரியர் தூக்கிட்டு வந்தவ. அவகிட்ட இதைச் சொல்ற மாதிரி ஆச்சே.

பிப்ரவரி 5, செவ்வாய்
அரை நாள் லீவு. வனத்துறை ஆபீஸ். ரேஞ்சர் சின்ன வயசு, உட்காரச் சொல்லிப் பொறுமையா கேட்டார். "எங்க தோண்டறாங்கன்னு தெரியுதும்மா. எப்ப வர்றாங்கன்னு தெரியலையே. அவ்வளவு பெரிய காட்டுக்குக் காவல் ரெண்டு கார்டுதான்."

காஸ் சிலிண்டர் வந்தது. ரெஜினா வீட்டுப் பக்கம் போகலை. அவளும் வரலை.

பிப்ரவரி 6, புதன்
மத்தியானம் எக்ஸ்சேஞ்ச் வாசலில் யாரோ கூப்பிடறாங்கன்னு வாட்ச்மேன் சொன்னார். போனா ரெஜினா. வேர்த்து வழியுது.

காலையில் அவளே நர்சரிக்குப் போயிருக்கா. காலனி லேடீஸ் எல்லாருக்கும் அதே செடி வேணும், எப்ப கிடைக்கும்னு கேட்டிருக்கா. அவன் சொன்னது: "நாளிக்கு விடியக்காத்தால ஆளு காட்டுக்குப் போவான்மா. பதினோரு மணிக்கா வாங்க, ஃப்ரெஷ்ஷா கெடைக்கும்."

"பொய் சொல்லிட்டு வந்திருக்கேன் சுசீ. கர்த்தர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ ரேஞ்சர்கிட்ட பேசு."

கையைப் பிடிச்சுக்கிட்டேன். எனக்கு அழுகை. வாட்ச்மேன் வேற பக்கம் பார்த்தார். உடனே ரேஞ்சருக்குப் போன்.

பிப்ரவரி 7, வியாழன்
பிடிச்சுட்டாங்க. சரிவிலேயே, கடப்பாரையும் சாக்குமா ரெண்டு பேர். ரேஞ்சர் போன் பண்ணினதும் லீவு சொல்லிட்டு லெக்சரர் அம்மாவோட போனேன், ரெஜினா பின்னாடியே ஆட்டோவில் வந்தா. அவங்க சொன்னதை வச்சு நர்சரிக்காரரையும் கூட்டிட்டு வந்துட்டாங்க. அவர் எங்களைப் பார்த்ததும், "இன்னாம்மா, காட்ல சும்மா பூத்துக்கினு கெடக்குறது. அதுக்குப் போய் இப்படிப் பேஜார் பண்றீங்களே" ன்னார்.

ரேஞ்சர், "கேஸுக்கு ஒண்ணு ரெண்டு செடி போதும். மீதி ஆபீஸ்ல காஞ்சுதான் போகும், இப்பவே நட்டுடலாம்" னார். நல்ல மனுஷன். ரெஜினா புடவையைச் சொருகிக்கிட்டு செருப்பைக் கழட்டிட்டா. லெக்சரர் அம்மா ஆழம் சொல்ல, கார்டு பழைய குழியையெல்லாம் காட்ட, நாங்க நட்டோம். கடைசியா தன் வீட்டுத் தொட்டியையும் ஆட்டோவிலிருந்து இறக்கினா. நான் கேட்கவே இல்லை.

முதுகு விட்டுப்போச்சு. அயோடெக்ஸ் இவர் தடவி விட்டார். சுகம்.

பிப்ரவரி 10, ஞாயிறு
கண்காட்சி. பரிசு யாரோட குரோட்டன்ஸுக்கோ. ரெஜினா எதுவும் வைக்கலை. ஏன்னு கேட்டவங்ககிட்ட எல்லாம் மறைக்காம சொன்னா, தான் வாங்கினதையும் சேர்த்து. சிலர் நழுவிட்டாங்க. மூணாவது தெரு பத்மா மட்டும் வந்து, "எங்க வீட்லயும் அதே செடி இருக்குக்கா. கொண்டு வந்தா நட்டுக் குடுப்பீங்களா?" ன்னா.

நான் இதே கதையை மேடை ஏறிச் சொல்லியிருந்தாலும் ஒருத்தி இப்படி வந்திருக்க மாட்டா. ரெஜினா சொன்னதால வந்தது.

பிப்ரவரி 17, ஞாயிறு
வெயில் ஆரம்பிச்சாச்சு. மோட்டார் ரிப்பேர், தெருக் குழாயில் தண்ணீர்.

ரெஜினாவும் நானும் சரிவுக்குப் போனோம். பூ எல்லாம் வாடிப்போச்சு, சில செடி போயே போச்சு. ஆனா பெரும்பாலும் கிழங்கு கெட்டியா நிக்குது. பத்மாவோடதும். கார்டு தினம் ஒரு நடை வந்து பார்க்கிறாராம், அவரா சொன்னார். கும்பிடணும் போல இருந்தது.

ரெஜினா செடிகிட்டவே போகலை. பாறை மேல நின்னு பார்த்துட்டு, "அது பாட்டுக்கு இருக்கட்டும், வா" ன்னா.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம். என் தோளில் சாஞ்சு தூங்கிட்டா. எங்க ஸ்டாப் வந்தும் எழுப்ப மனசில்லை. தாம்பரம் வரைக்கும் போயிட்டோம்.