எங்கள் வீட்டு "சரி" சம்மதம் ஆகாது

அனுப்புநர்
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
அச்சகத்தின் பின்புறம், மாடி வீடு.

பெறுநர்
உயர்திரு படைச்சேர்ப்பு அதிகாரி அவர்கள்,
ஆள்சேர்ப்பு அலுவலகம்.

பொருள்: என் தங்கை மகனைப் படையில் சேர்ப்பது – தொலைபேசியில் நான் சொன்ன "சரி, சரி" சம்மதமாகக் கொள்ளப்பட்டது – திருத்தம் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்களுக்குத் தொந்தரவு தருகிறேனோ என்று அஞ்சி இம்மனுவை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். இந்தப் பிரதியிலும் பிழை இருக்கலாம். பொறுத்தருள்க.

2. சென்ற செவ்வாயன்று தங்கள் அலுவலக எழுத்தர் என்னை அழைத்து, "பெரியவரே, பையன் பட்டாளத்துல சேர வந்திருக்கான். அப்பா அம்மா இல்லைங்கறான். உங்களுக்குச் சம்மதம்தானே?" என்றார். அரசாங்கக் குரலைக் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "சரி, சரி" என்றேன். "ரொம்ப சந்தோஷம்" என்று வைத்துவிட்டார்.

3. ஐயா, எங்கள் வீட்டில் "சரி" என்றால் "மாட்டேன்" என்று பொருள். இருமுறை சொன்னால் "மாட்டவே மாட்டேன்". உண்மையில் செய்யப்போகிற காரியத்துக்கு "பார்க்கலாம்" என்போம். எந்த அகராதியும் இதை ஏற்காது என்பதை அறிவேன்.

4. இவ்வழக்கைத் தொடங்கியவன் மேற்படி மருமகனே. "குழாய்ல தண்ணி வருது, குடத்தை வைடா" என்பாள் என் தங்கை. "சரிம்மா" என்று புரண்டு படுப்பான். "மோட்டார் கடைக்கு நேரமாச்சுடா" என்பாள். அதற்கும் "சரிம்மா". தெருவே அவனைச் "சரியப்பன்" என்றது. "இவன் சரின்னா, அந்த வேலைய நானே பாத்துக்கணும்னு அர்த்தம்ணே" என்று சிரிப்பாள். நாளடைவில் எங்கள் எல்லோருக்கும் அது தொற்றிவிட்டது.

5. ஆறு மாதம் முன்பு, மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி தங்கை அவனிடம், "போய் ஏதாச்சும் சாப்பிட்டு வாடா" என்றாள். "சரிம்மா" என்றான். அன்றைக்கென்று எழுந்து போனான். திரும்பி வந்தபோது கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

6. அதன்பின் அச்சொல்லை அவன் வாயால் கேட்டதில்லை. எழு என்றால் எழுகிறான், உண் என்றால் உண்கிறான். "பையன் திருந்திட்டான் சார்!" என்று கடை முதலாளிக்கு மகிழ்ச்சி. நானோ இரவில் எழுந்து எழுந்து அவன் தூங்குகிறானா என்று பார்த்துவந்தேன். பையைத் தூக்கியபோது அவன் சொன்னது: "அங்க யாராச்சும் ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பாங்க மாமா. செஞ்சுக்கிட்டே இருக்கலாம். யோசிக்க வேணாம்ல?"

7. படைத்தொழில்மீது எனக்கு எக்குறையும் இல்லை. ஆனால் பழைய குணம் திரும்பி, தாங்கள் எல்லைக்குப் போகச் சொல்லும்போது "சரிங்கய்யா" என்று அவன் புரண்டு படுத்தால் நாடு என்னாவது என்பதையும் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

8. ஆகவே, உறுதிமொழி எடுக்கும் முன் அவனைத் தனியே அழைத்து, "நிஜமாவே சேரணுமாப்பா?" என்று ஒருமுறை கேட்டருள வேண்டுகிறேன். "பார்க்கலாம்" என்றால் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், நானே வந்து கையெழுத்திடுகிறேன். வாய் திறக்காமல் விறைத்து நின்றால், தயைகூர்ந்து சற்றுப் பொறுங்கள். "சரி" என்றால், ஐயா, எங்கள் பிள்ளை எங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டான். அடுத்த பேருந்தில் ஏற்றிவிடுங்கள்.

9. தங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன். அது "சரி" என்று மட்டும் இல்லாதிருக்க வேண்டுகிறேன். "பார்க்கலாம்" என்று எழுதினாலே போதும், நிம்மதியாகத் தூங்குவேன்.

இடம்: மேற்படி மாடி வீடு
நாள்: திங்கள், காலைத் தபாலுக்கு முன்

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
(கையொப்பம்)
பையனின் தாய்மாமன்