இடுப்பு வலிக்கு எழுதிய வழிகாட்டி

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே வெயில். அம்பத்தூர் பஸ்ஸில் நின்றபடியே பயணம். ஆஸ்பத்திரியில் இடுப்பு வலிக்குச் சிகிச்சை வழிகாட்டி எழுதக் கமிட்டி. பிசியோதெரபி சார்பில் நான். தலைவர், எலும்பு டாக்டரான எங்கள் சீஃப். அடுத்து மார்க்கெட்டிங் மேனேஜர். எதற்கோ! நோயாளிகள் சார்பிலும் ஒருவர் வேண்டும் என்றேன். சீஃப் தன் சகலையைக் கூட்டி வந்துவிட்டார். "எனக்கு இடுப்பு வலியே வந்ததில்ல மேடம்." அதில் ஒரு பெருமை வேறு. பிஸ்கட் தட்டு முழுக்க அவருக்கே.

ஜூன் 12, வியாழன்
தோசை மாவு. கேஸ் புக் பண்ண வேண்டும்.
சீஃபின் வரைவு வந்தது. ஏதோ குளிர்நாட்டு வழிகாட்டியை அப்படியே உருவியது. "வாசலில் பனி அள்ளும்போது குனியாதீர்கள்." அம்பத்தூரில் பனி! உருப்படியான ஒரு வரியை மட்டும் கவனமாக அடித்து நீக்கியிருக்கிறார்: கால் மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பு போன்ற ஆபத்து அறிகுறி இல்லாவிட்டால் ஸ்கேன் வேண்டாம். அந்த இடத்தில்: "அனைவருக்கும் முதல் நாளே ஸ்கேன்." புது மெஷின் சும்மா கிடக்கிறதே.
"ஆதாரம் என்ன சார்?"
"என் அனுபவம்மா."
மேனேஜர் தலையாட்டல். சகலையும். என் மறுப்பைப் பதிவு செய்யச் சொன்னேன். "அதுக்கு ஃபார்மட்ல எடமில்லம்மா."
மூளைக்கும் இடமில்லை போல.

ஜூன் 17, செவ்வாய்
வழிகாட்டி வெளியீடு. கேக், கைதட்டல், வழவழ தாள். பனி அப்படியே இருக்கிறது. என்னைக் கேட்காமலே என் பெயரும்.

ஜூன் 18, புதன்
தூறல். பட்டாபிராமிலிருந்து கஸ்தூரி அக்கா, தையல் கம்பெனியில் வேலை. இடுப்பைப் பிடித்தபடி வந்தார். கையில் ஸ்கேன் சீட்டு, முகத்தில் பீதி.
"இன்னா மேடம், முதுகெலும்பே போச்சா? ஆப்ரேசனா? நேத்துலேந்து சோறே எறங்கல."
காலைத் தூக்கிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், எல்லாம் கேட்டேன். வெறும் தசைப்பிடிப்பு.
"ஸ்கேன் வேணாம்க்கா. படுத்தே கெடக்காதீங்க, நடங்க. கால் மரத்தாலோ யூரின் வரலன்னாலோ மட்டும் ஒடனே ஓடியாங்க."
நம்பவில்லை. வராந்தாவில் கூடவே நடந்தேன். பாதி தூரத்தில் அழுதுவிட்டார். பிறகு சிரித்தார். "அப்ப நான் நல்லாத்தான் கீறேனா?"

மதியம் சீஃப் கூப்பிட்டார்.
"வழிகாட்டில உன் பேரே இருக்கு. நீயே மீறலாமா?"
"எடுத்துடுங்க சார்."
"பிரின்ட் ஆயிடுச்சேம்மா."
அவர் மேஜைப் பிரதியிலேயே என் பெயரை அடித்தேன். நேராக வரவேற்புக்குப் போய் அங்கிருந்த வழிகாட்டிக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக அடித்தேன். பாதியில் மை தீர்ந்தது. வரவேற்புப் பெண் தன் பேனாவை நீட்டினாள். "இது நல்லா எழுதும் மேடம்."