பொட்டு வைத்த ஆறு வளையங்கள்

1. இதை எழுதுபவன் இரா. தணிகைவேல்; தாம்பரம் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞன்; பீர்க்கன்கரணை ஏரிக்கு அருகில் வசிப்பவன்; ஆறாம் வகுப்பு முதல் உன் வகுப்புத் தோழன்.

2. இதைப் பெறவேண்டியவள் நீ. நீ இப்போது இல்லை என்பதை நான் அறிவேன். இல்லாதவர் பெயருக்கு அனுப்பும் நோட்டீஸ் திரும்பி வந்துவிடும் என்பதையும் அறிவேன்.

3. எழுதத் தூண்டியது இன்று காலை எழுந்த சந்தன வாசனை.

ஆயுத பூஜைக்காக என் அலுவலகத்தில் குமாஸ்தா சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார். சட்டப் புத்தக அலமாரி, பிரிண்டர், கார் சாவி என்று வரிசையாகப் பொட்டு வைத்து வந்தவர் மடிக்கணினியின் அருகில் நின்றார். "சார், மூடி மேல ஒண்ணு வெச்சிட்டேன். தொறந்து உள்ள கீபோர்டு மேலயும் ஒண்ணு வெக்கட்டா?"

"மூடியோட நிறுத்துங்க!" என்றேன். நான் குரல் உயர்த்துவது அரிது. அவர் கிண்ணத்தோடு பின்வாங்கி, "இன்னா சார், சாமி காரியத்துக்கு இப்டி பதர்றீங்க" என்றார். அவருக்கு விளக்கம் சொல்ல நேரமில்லை. உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் உனக்கே எழுதுகிறேன்.

நாம் பள்ளியில் படிக்கும்போது மைதானத்துக்கு மேலே பயிற்சி விமானங்கள் வட்டமிடும். எல்லோரும் அண்ணாந்து கையசைப்போம். நீ மட்டும் குறை சொல்வாய். "இறங்கறதுக்கு இவ்ளோ பெரிய இடம் வேணுமாடா இதுக்கு? நம்ம ஏரில மீன்கொத்தியப் பாரு. அந்தரத்துல நிக்கும், அப்படியே நேரா கீழ வரும்." வெகுகாலம் கழித்து, சிறிய விமானம் தாங்கிக் கப்பல்களுக்கென்று நம் நாட்டில் ஒரு போர் விமானம் உருவானது. நின்ற இடத்திலிருந்து எழும்பும். நின்ற இடத்திலேயே இறங்கும். அதற்கு 'மீன்கொத்தி' என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்சூட்டலில் உனக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதை நான் பதிவு செய்ய வேண்டும். பங்கு இருந்ததாக எல்லோரிடமும் நீ சொல்லிவந்தாய் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

உன் பங்கு வேறிடத்தில் இருந்தது. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒற்றைக் கொட்டகையில் பம்புசெட்டு உதிரிபாகம் செய்துகொண்டிருந்த உன் பட்டறைக்கு, அந்த விமானத்தின் ஒரு பாகத்தைச் செய்யும் வாய்ப்பு வந்தது. ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தாய். பாகம் என்னவென்று கேட்டேன்.

"டேய் வக்கீலு, கைய நேரா நீட்டு. இதான் இன்ஜின். விரல் வழியா நெருப்பு போவுதுன்னு வெச்சுக்கோ. பிளேன் முன்னாடி போகும். இப்ப மணிக்கட்ட கீழ மடக்கு. நெருப்பு தரையப் பாத்து அடிக்குது. பிளேன் அந்தரத்துல நிக்குது. மணிக்கட்டு மடங்குற எடத்துல ஒரு வளையல் இருக்கு பாரு, அதத்தான் நான் செய்யப் போறேன்."

கட்சிக்காரர்கள் காத்திருக்க, நான் கையை நீட்டி மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒப்பந்தத்தை வரிவரியாக விளக்கினேன். வளையத்தின் உட்பரப்பில் சூட்டைத் தாங்கி வழுக்கிக்கொடுக்கும் மெல்லிய பூச்சு இருக்கும். அதன்மேல் அனுமதிக்கப்படாத எந்தப் பொருள் பட்டாலும் வாங்குபவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை அவருக்கு உண்டு. நீ சிரித்தாய். "நல்லா எழுதியிருக்காங்கடா. சொல்லலனா உதைப்பேன், சொன்னாலும் உதைப்பேன்!"

முதல் ஆறு வளையங்கள் தயாராகிப் பெட்டியில் அடுக்கப்பட்டிருந்தபோது ஆயுத பூஜை வந்தது. மறுநாள் காலை நீ என்னை அழைத்தாய். "உடனே பட்டறைக்கு வா" என்றாய். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

பெட்டி திறந்திருந்தது. பக்கத்தில் லேத்தில் கடைசல் வேலை பார்க்கும் உன் மூத்த டர்னர் ஏழுமலை நின்றிருந்தார். உன்னைவிட வயதில் பெரியவர். ஆனாலும் அவர் உன்னை அக்கா என்பார். நீ அவரை அண்ணா என்பாய். அந்த உறவுமுறையை எந்த நீதிமன்றமும் தீர்த்துவைக்க இயலாது.

"அண்ணா, வக்கீல் கிட்ட நீங்களே சொல்லுங்க."

"மிசினுக்கெல்லாம் பொட்டு வெச்சிகினே வந்தேன் சார். இதுங்க மட்டும் பொட்டிக்குள்ள தனியா கீது. நாம பெத்த புள்ளைங்க மாதிரி. கடலுக்குப் போவுது. வெறும் நெத்தியோட அனுப்பலாமா? அதான் உள்பக்கமா சந்தனம் வெச்சி, குங்குமம் வெச்சி…"

"எதுக்கெல்லாம் வெச்சீங்க? ஆறுல எது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுக்கு வெச்சிட்டு இன்னொண்ணுக்கு வெக்காம வுட்டா நல்லாவா இருக்கும்? ஆறுக்குந்தான்." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "காலைல நானே தொடச்சிட்டேன். நீயே பாரு சார், ஒண்ணுமே தெரில."

பார்த்தேன். உண்மையில் ஒன்றுமே தெரியவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தும் தெரியவில்லை.

நீ என்னிடம் சட்டம் கேட்டாய். சொன்னேன். தெரிவிக்காவிட்டால் ஒப்பந்த மீறல். நிரூபிப்பது அவர்களுக்குக் கடினம். தெரிவித்தால் ஒப்பந்தம் கைநழுவலாம்; அதே வளையத்தைச் செய்துதரக் காத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் உண்டு. உன் பட்டறை மறுபடி பம்புசெட்டுக்கே திரும்பும். இரண்டு பக்கத்தையும் சம எடையோடு வைத்தேன். அது என் தொழில்.

நீ ஒரு வளையத்தை எடுத்து மணிக்கட்டின் மேல் பிடித்துப் பார்த்தாய். "இந்த பிளேன் சீட்ல ஒருத்தன் உட்காருவான்ல? கப்பலுக்கு மேல அந்தரத்துல நிக்கும்போது இது இறுகிடுச்சுன்னா அவன் எங்கடா போவான்?"

அதற்கு ஒப்பந்தத்தில் பத்தி ஏதும் இல்லை. தொலைபேசியை மேசை நடுவில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, வாங்குபவரின் ஆய்வு அதிகாரியை அழைத்தாய்.

"சந்தனமா மேடம்?"

"சந்தனமும் குங்குமமும் சார்."

"எந்த வளையத்துல?"

"பாரபட்சம் பாக்கல சார். எல்லாத்துலயும்."

ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி நேரில் வந்தார். ஒரு வளையத்தை உலையில் வைத்து, விமானத்தில் அது தாங்கவேண்டிய சூட்டுக்குக் கொண்டுபோனார்கள். வெளியே எடுத்தபோது பொட்டு இருந்த இடத்தில், பொட்டளவே வட்டமாக, பூச்சு கருத்து உரிந்திருந்தது. ஏழுமலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இதைச் செஞ்சது யாரு?" என்று அதிகாரி கேட்டார்.

"பட்டறை என்னோடது சார். என் பேரை எழுதிக்குங்க."

சட்டப்படி அது சரியான பதில். ஆனால் நீ அதைச் சட்டத்துக்காகச் சொல்லவில்லை. கீழே உட்கார்ந்திருந்தவர் பக்கம் உன் கண் ஒருமுறைகூடப் போகாதபடி பார்த்துக்கொண்டாய் என்பதை நான் கவனித்தேன்.

முடிவு வரும்வரை பட்டறையில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நீ மட்டும் மாற்று வளையங்களுக்கான உலோகத்தை அறுக்கச் சொல்லிவிட்டாய். "ரத்து பண்ணா என்ன பண்ணுவே?" என்று கேட்டேன். "ஆறு வளையத்துக்கு யானை வாங்கி அது கால்ல மாட்டுவேன்" என்றாய். ரத்தாகவில்லை. அதிகாரியே அழைத்தார். "மத்த இடங்கள்ல நாங்க தேடிக் கண்டுபிடிக்கணும் மேடம். உங்ககிட்ட ஃபோனை எடுத்தாலே போதும் போல. திரும்பச் செஞ்சு கொடுங்க."

செய்துகொடுத்தாய். கழிக்கப்பட்ட ஆறில் ஒன்றைச் சாமி படத்துக்குக் கீழே வைத்து, இனி பொட்டு அதற்கு மட்டுமே என்று ஏழுமலையிடம் ஒப்படைத்தாய். அவரும் ஒவ்வோர் ஆண்டும் அதற்கு ஆறு பொட்டு வைக்கிறார். மற்ற ஐந்தின் சார்பாகவும் சேர்த்தாம்.

பிறகு நடந்ததுதான் உன்னைத் தலைகால் புரியாமல் ஆட வைத்தது. அந்த விமானத்துக்குப் பாகம் செய்யும் எல்லாப் பட்டறைகளிலும் ஆய்வின்போது ஒரு கேள்வியைச் சேர்த்துவிட்டார்கள்: பாகங்களுக்குப் பூஜை செய்யப்பட்டதா, எந்தப் பொருளால்? நீ நீதிமன்ற வாசலுக்கே வந்து என்னைப் பிடித்தாய். "இத்தனை வருஷமா கருப்புக் கோட்டு போட்டுக்கிட்டுத் திரியறியே, உன்னால ஒரு ரூல் வந்திருக்காடா? எங்க அண்ணனால வந்திருக்கு!" பக்கத்தில் நின்ற ஏழுமலை வெட்கத்தில், "அத்த போய் வெளிய சொல்லிகினு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மீன்கொத்தி கப்பலில் இறங்குவதைப் பார்க்காமலே நீ போய்விட்டாய். நோய் அவகாசம் தரவில்லை. நாள் நீட்டித்துக் கேட்க அங்கே மன்றமும் இல்லை.

அது இறங்கிய நாளில் உன் பட்டறையில் இருந்தேன். இப்போது அதை நடத்துவது உன் மகள் நிவேதா. வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் தொலைக்காட்சி முன் நின்றோம். கடல் கொந்தளிப்பாக இருந்தது, கப்பல் சிறியது, மேல்தளம் ஏறி இறங்கியது. விமானம் பக்கவாட்டில் வந்து, வேகம் குறைந்து, அந்தரத்தில் நின்றது. வால்பக்கம் மணிக்கட்டு மெல்ல மடங்கியது. என் கையும் மடங்கியிருந்ததைப் பிறகுதான் கண்டேன். சுற்றிலும் பார்த்தால் எல்லோருடைய கையும் அப்படியே இருந்தது.

சக்கரங்கள் தளத்தைத் தொட்டன. விமானத்தின் கண்ணாடி மூடி திறந்து ஓர் இளைஞன் இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி, கலைந்த முடியைக் கோதினான். அவ்வளவுதான். சாவகாசமாக நடந்து போனான்.

"அக்கா கேட்டுச்சே, அந்த ஆளு" என்றார் ஏழுமலை. நிவேதா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை என்று சொல்வது பொய்ச் சாட்சியம் ஆகும்.

"யாருக்கும் தெரியாதே சார்" என்று சொல்லும் கட்சிக்காரர்கள் எனக்கு நிறைய உண்டு. முன்பெல்லாம் கடமையையும் விளைவையும் எடுத்துச் சொல்லி நிறுத்திக்கொள்வேன். இப்போது கூடுதலாக ஒன்று கேட்கிறேன்: இதில் உட்காரப் போவது யார்? பலர் விழிக்கிறார்கள். சிலர் எழுந்து வேறு வக்கீலைத் தேடிப் போகிறார்கள். சிலர் நெடுநேரம் யோசித்துவிட்டு, தொலைபேசியை எடுக்கிறார்கள்.

மேலே எழுதியவை என் நினைவுக்கு எட்டியவரை உண்மை. எதையும் கூட்டவில்லை. உன்னைக் குறித்த பெருமையை மட்டும், படிப்பவர் நம்ப வேண்டுமே என்று, குறைத்து எழுதியிருக்கிறேன்.

(ஒப்பம்)
இரா. தணிகைவேல்
வழக்கறிஞர், தாம்பரம்

படித்துக் காட்டக் கேட்டு, சரியென்று ஒப்பமிட்ட சாட்சிகள்:
கோ. ஏழுமலை, டர்னர், திருமுடிவாக்கம்
நிவேதா, உன் மகள்